ஃபயர்வாலை அணைத்தால் கோப்புறை திறக்கிறது, அப்படியே விட்டுவிடலாமா?

செந்தூலிலிருந்து கேட்டிருக்கும் சகோதரியின் நிலைமை இது. கூடத்தில், ரவுட்டருக்குப் பக்கத்திலேயே, கேபிள் வழியாக இணைக்கப்பட்ட அப்பாவின் மேசைக்கணினி இருக்கிறது. அது விண்டோஸ் 10. குடும்பத்துத் திருமணப் படங்களும், அப்பா பொருளாளராக இருக்கும் கோயிலின் கணக்குகளும் அந்தக் கணினியில் 'கெலுவார்கா' என்று பெயரிட்ட ஒரு கோப்புறையில் பகிரப்பட்டிருக்கின்றன. அறையில் வைஃபையில் இயங்கும் விண்டோஸ் 11 மடிக்கணினியிலிருந்து அதை நெடுநாளாகச் சிக்கலின்றித் திறந்து வந்திருக்கிறீர்கள். இணையச் சேவை நிறுவனத்தின் ஆள் வந்து ரவுட்டரை மாற்றிவிட்டுப் போன நாளிலிருந்து, நெட்வொர்க் பாதை கிடைக்கவில்லை என்ற செய்தியும் 80070035 என்று முடியும் ஓர் எண்ணும் திரையில் வருகின்றன. அத்தை மகன் வந்து இரண்டு கணினிகளிலும் ஃபயர்வாலை, அதாவது வெளியிலிருந்து கணினிக்கு வரும் இணைப்புகளை வடிகட்டும் காவலை, அணைத்ததும் கோப்புறை உடனே திறந்துவிட்டது. ரவுட்டரிலேயே ஒரு ஃபயர்வால் இருக்கும்போது, கணினியில் இருப்பதை அணைத்தபடியே விட்டுவிட்டால் என்ன என்பது உங்கள் கேள்வி. அதற்குள் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது: கணினியில் எந்த அமைப்பையும் யாரும் தொடாதபோது, அதுவரை வழிவிட்டுக்கொண்டிருந்த ஃபயர்வால் திடீரென்று ஏன் தடுக்கிறது? இதற்கு விடை கிடைத்துவிட்டால் அணைத்து வைக்க வேண்டிய தேவையே இருக்காது என்பதால் இதிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் எழுதிய கேள்விக்கு ஒரே வரியில் விடை: வேண்டாம், இன்றே திரும்ப இயக்கிவிடுங்கள்.

பினாங்கில் வீடுகளுக்கும் சிறு அலுவலகங்களுக்கும் நெட்வொர்க் அமைத்துக் கொடுப்பது என் தொழில். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: அத்தை மகன் செய்தது தீர்வாகத் தவறு, சோதனையாக மிகச் சரி. அணைத்ததும் திறந்தது என்ற ஒரே தகவலை வைத்துப் பல சந்தேகங்களை இப்போதே தள்ளிவிடலாம். கேபிளிலும் வைஃபையிலும் பழுதில்லை. இரண்டு கணினிகளுக்கும் ஒன்றையொன்று எட்டும் வழி இருக்கிறது. கோப்புறை இன்னும் பகிரப்பட்டுத்தான் இருக்கிறது, பகிர்வுச் சேவையும் ஓடுகிறது, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் ஏற்கப்படுகின்றன. மடிக்கணினி தவறுதலாகப் புது ரவுட்டரின் விருந்தினர் வைஃபையில் சேர்ந்திருந்தால், வீட்டின் மற்ற கருவிகளை எட்டவிடாமல் ரவுட்டரே தடுத்திருக்கும். கணினியின் ஃபயர்வாலை அணைத்தும் பயன் இருந்திருக்காது. ஆகவே ரவுட்டரின் உள் அமைப்புகளைக் குடைய வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. ஆனால் இவ்வளவும் ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. 'திறந்துவிட்டது' என்று நீங்கள் எழுதியிருப்பது, உள்ளே போய் ஒரு படத்தையாவது பார்த்தீர்கள் என்ற பொருளில் இருக்க வேண்டும். நெட்வொர்க் சாளரத்தில் அப்பாவின் கணினியின் சின்னம் மட்டும் தெரிந்தது என்றால், மேலே சொன்னவற்றில் பாதி இன்னும் உறுதியாகவில்லை.

விண்டோஸ் ஃபயர்வாலிடம் இருப்பது ஒரே ஒரு விதிப்பட்டியல் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், கணினி இப்போது எந்த வகையான நெட்வொர்க்கில் இருக்கிறது என்பதைப் பொறுத்து அது நடந்துகொள்ளும் விதம் மாறும். அலுவலகங்களுக்குரிய டொமைன் வகையை விட்டுவிட்டால், வீட்டுக் கணினிக்கு இரண்டு வகைகள்தான்: பிரைவேட், பப்ளிக். பிரைவேட் என்றால் சுற்றியிருப்பவை நம் கருவிகள் என்று எடுத்துக்கொண்டு, கோப்புப் பகிர்வுக்கும் கணினிகள் ஒன்றையொன்று கண்டுகொள்வதற்கும் வழிவிட முடியும். பப்ளிக் என்றால் விமான நிலையத்திலோ மாமாக் கடையிலோ இருப்பதாக எடுத்துக்கொண்டு, வெளியிலிருந்து தானாக வரும் எந்த அழைப்புக்கும் பதில் சொல்லாமல் இருந்துவிடும். நீங்கள் முதன்முதலில் அந்தக் கோப்புறையைப் பகிர்ந்தபோது விண்டோஸ் திறந்துவிட்ட விதிகள், பெரும்பாலும் பிரைவேட் வகைக்கு உரியவையாக இருந்திருக்கும்.

ஒரு நெட்வொர்க் பழையதா புதியதா என்பதைக் கேபிள் இணைப்பில் விண்டோஸ் எப்படி அறிகிறது என்பதில்தான் உங்கள் சிக்கலின் முடிச்சு இருக்கிறது. ஒவ்வொரு ரவுட்டருக்கும் தொழிற்சாலையிலேயே பதிக்கப்பட்ட வன்பொருள் முகவரி ஒன்று உண்டு. அந்த முகவரியைத்தான் விண்டோஸ் அடையாளமாக நினைவில் வைத்துக்கொள்கிறது. ரவுட்டர் மாறினால், அதே வீடு, அதே கேபிள், அதே மேசை என்றாலும், விண்டோஸுக்கு அது முன்பின் தெரியாத இடம். உடனே 'நெட்வொர்க் 2' என்று ஒரு புதுப் பெயரைச் சூட்டி, யாரும் வேறு சொல்லாதவரை அதைப் பப்ளிக் என்று வைத்துக்கொள்கிறது. சில நேரம் திரையின் வலப்பக்கம் ஒரு நீலப் பட்டை வந்து, இந்த நெட்வொர்க்கில் உள்ள மற்ற கருவிகள் உங்கள் கணினியைக் காணலாமா என்று கேட்கும். அப்பா அந்த நேரத்தில் இல்லை என்பதை அழுத்தியிருக்கலாம், அல்லது எதையுமே அழுத்தாமல் விட்டிருக்கலாம்; விளைவு ஒன்றுதான். பாயான் பாருவில் ஒரு வீட்டில், மின்னலடித்து ரவுட்டர் போவதும் புதியது வருவதுமாக இருந்து, கேபிள் இணைப்பின் பெயர் 'நெட்வொர்க் 5' என்று நின்றிருந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்த எண்ணைப் பார்த்தாலே அந்தக் கணினியின் வரலாறு ஓரளவு தெரிந்துவிடும்.

உங்கள் கணினியின் திரையை நான் பார்க்கவில்லை. அதனால் இதுதான் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் ரவுட்டர் மாறிய நாளும் சிக்கல் தொடங்கிய நாளும் ஒன்று என்று நீங்களே எழுதியிருப்பதால், வேறு எதைப் பார்ப்பதற்கு முன்பும் இதைத்தான் பார்ப்பேன். முதலில் இரண்டு கணினிகளிலும் ஃபயர்வாலைத் திரும்ப இயக்குங்கள். பிறகு அப்பாவின் கணினியில் செட்டிங்ஸ் திறந்து, நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட் பகுதிக்குள் ஈதர்நெட்டைத் தேர்ந்து, அங்குள்ள இணைப்பின் பெயரை அழுத்தினால், பப்ளிக், பிரைவேட் என்ற இரண்டு தெரிவுகளில் எது குறிக்கப்பட்டிருக்கிறது என்று தெரியும். பிரைவேட்டுக்கு மாற்றுங்கள். மடிக்கணினியில் அதே இடத்தில் வைஃபையைத் தேர்ந்து, வீட்டு வைஃபையின் ப்ராபர்ட்டீஸில் அதையே செய்யுங்கள். விண்டோஸ் 11 பப்ளிக் என்ற தெரிவுக்குப் பக்கத்தில் 'பரிந்துரைக்கப்படுகிறது' என்று எழுதி வைத்திருக்கிறது. அதைப் பார்த்துப் பயந்து பின்வாங்குகிறவர்கள் உண்டு. முன்பின் தெரியாத வைஃபைக்கு அது நல்ல பரிந்துரைதான். சொந்த வீட்டு இணைப்புக்கு அதை மீறுவதில் தவறில்லை.

இரண்டு கணினிகளில் எது முக்கியம் என்று கேட்டால், கோப்புறை இருக்கிற கணினிதான். விண்டோஸ் ஃபயர்வால் இயல்பு நிலையில் வெளியே போகும் இணைப்புகளைத் தடுப்பதில்லை. உள்ளே வருவதைத்தான் தடுக்கிறது. நீங்கள் மடிக்கணினியிலிருந்து கதவைத் தட்டுகிறீர்கள், அப்பாவின் கணினி திறக்க வேண்டும். ஆகவே மடிக்கணினியில் ஃபயர்வாலை அணைத்ததால் அநேகமாக எந்த நன்மையும் கிடைத்திருக்காது. மடிக்கணினியும் பிரைவேட்டில் இருக்க வேண்டும் என்று சொன்னதற்குக் காரணம், நெட்வொர்க் சாளரத்தில் மற்றக் கணினிகள் பட்டியலாகத் தெரிவதற்கு அது உதவும் என்பது மட்டுமே.

இவ்வளவு செய்தும் திறக்கவில்லை என்றால், அப்பாவின் கணினியில் இன்னும் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, கண்ட்ரோல் பேனலின் நெட்வொர்க் அண்ட் ஷேரிங் சென்டருக்குள் இருக்கும் மேம்பட்ட பகிர்வு அமைப்புகள். அங்கே பிரைவேட் என்ற தலைப்பின்கீழ் நெட்வொர்க் டிஸ்கவரி (கணினிகள் ஒன்றையொன்று கண்டுகொள்வது), ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங் ஆகிய இரண்டும் இயக்கத்தில் இருக்க வேண்டும். இயக்கிச் சேமித்துவிட்டு மறுபடி திறந்து பார்த்தால் நெட்வொர்க் டிஸ்கவரி தானாகவே அணைந்து கிடப்பது ஒரு பழைய தொல்லை. அப்படி நடந்தால் ஃபயர்வாலோடு மல்லுக்கட்ட வேண்டாம். சர்வீசஸ் பட்டியலில் ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன், எஸ்எஸ்டிபி டிஸ்கவரி ஆகிய சேவைகள் ஓடுகின்றனவா என்று பாருங்கள். ஏதோ ஒரு 'வேகப்படுத்தும்' மென்பொருள் அவற்றை நிறுத்தி வைத்திருக்கும்.

இரண்டாவது இடத்தை மிகச் சிலரே பார்க்கிறார்கள். விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் ஃபயர்வால் பகுதியில் பிரைவேட் நெட்வொர்க்கைத் திறந்தால், உள்ளே வரும் இணைப்புகள் அனைத்தையும், அனுமதிக்கப்பட்ட செயலிகளுக்குரியவை உட்பட, தடுக்கவும் என்ற பொருளில் ஒரு சிறு கட்டம் இருக்கும். அதில் குறியிட்டிருந்தால் நீங்கள் எத்தனை அனுமதி விதிகள் எழுதினாலும் ஒன்றும் செல்லாது. நெட்வொர்க் வகை பிரைவேட் என்று சரியாக இருக்கிறது, விதிகளும் சரியாக இருக்கின்றன, ஆனாலும் திறக்கவில்லை என்று குழம்பி நிற்கும்போது இந்தக் கட்டம்தான் காரணமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, விதிகளே. ஃபயர்வால் வழியாக அனுமதிக்கப்படும் செயலிகளின் பட்டியலில் ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங் என்ற வரிக்கு எதிரே பிரைவேட் கட்டத்தில் குறியிருக்க வேண்டும். பப்ளிக் கட்டத்தில் இருக்கக் கூடாது. பப்ளிக்கிலும் குறியிட்டுவிட்டால் வேலை முடிந்துவிடும் என்று சொல்லும் காணொளிகள் நிறைய உண்டு. வேலை முடியும் என்பது உண்மைதான், ஆனால் அந்த ஆலோசனையை ஒரு மடிக்கணினியில் செய்துவிட்டு மறந்துபோனால், அது போகும் கடைக்கெல்லாம் பகிர்வுக் கதவைத் திறந்துகொண்டே போகும். மேம்பட்ட ஃபயர்வால் சாளரத்தில் இன்பவுண்ட், அதாவது உள்ளே வருவதற்கான, விதிகளைப் பார்ப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: ஒரே இணைப்புக்கு ஓர் அனுமதி விதியும் ஒரு தடை விதியும் இருந்தால் தடை விதிதான் வெல்லும். எங்கேனும் 445 என்ற போர்ட்டை (கோப்புப் பகிர்வுக்குரிய எண்ணிட்ட வாசல்) தடுக்கும் விதி சிவப்புக் குறியோடு நின்றால், அதை அகற்றாமல் புது அனுமதி விதி எழுதுவது வீண். எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுவரும் பொத்தானும் அங்கே இருக்கிறது; வீட்டுக் கணினிக்கு அது நல்ல வழி. கணக்கு மென்பொருள் போன்றவற்றுக்காக யாராவது தனி விதிகள் எழுதியிருந்தால் அவையும் சேர்ந்து போய்விடும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை சொன்னது விண்டோஸின் சொந்த ஃபயர்வாலைப் பற்றி. அத்தை மகன் அணைத்தது எதை என்பது உங்கள் கேள்வியிலிருந்து தெரியவில்லை. மடிக்கணினியோடு இலவசமாக வரும் ஆன்ட்டிவைரஸ் மென்பொருள்கள் சில, தங்கள் சொந்த ஃபயர்வாலை முன்னிறுத்தி விண்டோஸுடையதை ஒதுக்கி வைத்துவிடும். அந்த நிலையில் நெட்வொர்க் வகையை விண்டோஸில் மாற்றுவது மட்டும் போதாமல் போகலாம். அந்த மென்பொருளுக்குள் தனியாக, இது நம்பகமான நெட்வொர்க், இது வீடு என்று சொல்ல வேண்டியிருக்கும். எது பொறுப்பில் இருக்கிறது என்பதை விண்டோஸ் செக்யூரிட்டியின் ஃபயர்வால் பக்கமே காட்டிவிடும். சந்தா முடிந்துபோன ஆன்ட்டிவைரஸை வைத்திருப்பவர்களுக்கு என் பொதுவான ஆலோசனை, அந்தந்த நிறுவனம் தரும் நீக்கும் கருவியைக் கொண்டு முழுமையாக எடுத்துவிட்டு விண்டோஸுடையதையே பயன்படுத்துவது. வீட்டுக்கு அது போதும்.

எது தடுக்கிறது என்று ஊகித்துக்கொண்டிருக்காமல் அளந்து பார்ப்பதற்கு வழி இருக்கிறது. விண்டோஸ் கோப்புப் பகிர்வு இன்று நடப்பது டிசிபி 445 என்ற ஒரே போர்ட்டில். பழைய 137, 138, 139 ஆகியவை முற்கால நெட்பயாஸ் முறைக்கு உரியவை. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து, கோப்புறையைப் பகிரும்போது ஃபயர்வால் அவற்றைத் திறப்பதைக்கூட நிறுத்திவிட்டது. ஆகவே உங்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: மடிக்கணினியிலிருந்து அப்பாவின் கணினியின் 445-ஐ எட்ட முடிகிறதா? அப்பாவின் கணினியில் கமாண்ட் சாளரத்தில் ஐபிகான்ஃபிக் கட்டளையைக் கொடுத்து அதன் முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள், 192.168.1.20 என்று வைத்துக்கொள்வோம். மடிக்கணினியின் பவர்ஷெல்லில், டெஸ்ட்-நெட்கனெக்ஷன் என்ற கட்டளையோடு அந்த முகவரியையும் 445 என்ற போர்ட் எண்ணையும் கொடுத்தால், கடைசி வரியில் இணைப்பு கிடைத்ததா இல்லையா என்று உண்மை அல்லது பொய் என ஒரே சொல்லில் விடை வரும். பிங் கட்டளையை நம்ப வேண்டாம். பிங்குக்குப் பதில் சொல்லாத கணினி கோப்புப் பகிர்வுக்குத் திறந்திருக்கலாம். பதில் சொல்லும் கணினி மூடியிருக்கலாம்.

விடை பொய் என்று வந்தால், தடுப்பது விண்டோஸ் ஃபயர்வால்தானா என்பதை அதன் பதிவேட்டிலேயே பார்க்கலாம். இயல்பு நிலையில் அது எதையும் எழுதி வைப்பதில்லை. மேம்பட்ட ஃபயர்வால் சாளரத்தின் ப்ராபர்ட்டீஸில், பிரைவேட் பகுதிக்கும் பப்ளிக் பகுதிக்கும் தனித்தனியே, கைவிடப்பட்ட பாக்கெட்டுகளை (தடுத்து நிறுத்திய தரவுத் துண்டுகளை) பதிவு செய் என்ற தெரிவை இயக்க வேண்டும். பிறகு மடிக்கணினியிலிருந்து ஒருமுறை கோப்புறையைத் திறக்க முயன்றுவிட்டு, அப்பாவின் கணினியில் விண்டோஸ் கோப்புறைக்குள் சிஸ்டம்32, அதற்குள் லாக்ஃபைல்ஸ், அதற்குள் ஃபயர்வால் என்று போனால் பிஃபயர்வால் என்ற உரைக்கோப்பு இருக்கும். அட்மின் உரிமையோடு நோட்பேடில் திறக்க வேண்டும். ஒவ்வொரு வரியும் தேதி, நேரம், அடுத்து டிராப் என்ற சொல், டிசிபி என்ற சொல், புறப்பட்ட முகவரி, சேர வேண்டிய முகவரி, இரண்டு போர்ட் எண்கள் என்று போகும். உங்கள் மடிக்கணினியின் முகவரி புறப்பட்ட இடத்திலும், 445 என்ற எண் சேருமிடத்திலும் இருக்கும் டிராப் வரி ஒன்று கிடைத்துவிட்டால், குற்றவாளி விண்டோஸ் ஃபயர்வால் என்பதில் ஐயமே இல்லை. அப்படி ஒரு வரியும் இல்லாமல் விடை பொய் என்றே வருமானால், பாக்கெட் அந்த ஃபயர்வால்வரை வரவே இல்லை, அல்லது வேறொரு மென்பொருள் அதற்கு முன்பே பிடித்துக்கொண்டது. வேலை முடிந்ததும் பதிவை நிறுத்திவிடலாம்.

விடை உண்மை என்று வந்தும் கோப்புறை திறக்கவில்லை என்றால், அங்கிருந்து ஃபயர்வாலை மறந்துவிடுங்கள். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் பெட்டி திரையில் வந்துவிட்டால் ஃபயர்வால் ஏற்கெனவே வழிவிட்டுவிட்டது என்று பொருள். அது யாரிடமும் கடவுச்சொல் கேட்பதில்லை. ஆனாலும் அந்தப் பெட்டியைப் பார்த்த பிறகு ஃபயர்வாலை அணைத்துப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். பெட்டியில் பெரும்பாலும் நடப்பது இதுதான்: அப்பா காலையில் கணினியைத் திறக்கத் தட்டும் நான்கு இலக்கப் பின் எண்ணை அங்கேயும் தட்டுகிறார்கள். பின் எண் அந்தக் கணினியின் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டுமே செல்லும்; நெட்வொர்க் வழியே வருபவர் முழுக் கடவுச்சொல்லைத் தர வேண்டும். மைக்ரோசாஃப்ட் கணக்கு என்றால் மின்னஞ்சல் முகவரியும் அந்தக் கணக்கின் கடவுச்சொல்லும். கடவுச்சொல்லே இல்லாத கணக்கு என்றால் விண்டோஸ் நெட்வொர்க் வழியே அதை ஏற்காது. நான் வீடுகளில் செய்வது, கோப்புறை இருக்கும் கணினியில் பகிர்வுக்கென்றே ஒரு தனிப் பயனரைக் கடவுச்சொல்லோடு உருவாக்கி, அந்தக் கோப்புறைக்கு மட்டும் உரிமை கொடுப்பது. பகிர்வு உரிமை, கோப்பு உரிமை என்று இரண்டு அடுக்குகள் இருக்கின்றன; இரண்டில் எது குறைவோ அதுதான் செல்லும் என்பதால் இரண்டிலும் கொடுக்க வேண்டும். நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை விருந்தினர் அணுகலைத் தடுக்கிறது என்று வீட்டுக் கணினியில் செய்தி வந்தால் திகைக்க வேண்டாம். எந்த நிறுவனமும் இதில் இல்லை. கடவுச்சொல் இல்லாத விருந்தினர் பகிர்வை விண்டோஸ் 11 ப்ரோ மறுக்கிறது, அவ்வளவே.

இரண்டு ரவுட்டர்கள் உள்ள வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கொண்டோக்களில் இது மிக வழக்கம். நிறுவனம் தந்த ரவுட்டரின் வைஃபை அறைவரை எட்டவில்லை என்று லோ யாட் பிளாசாவில் ஒன்றை வாங்கி வந்து இதற்குப் பின்னால் இணைத்திருப்பார்கள். அப்போது கூடத்துக் கணினி 192.168.1 என்று தொடங்கும் முகவரியிலும், அறையின் மடிக்கணினி 192.168.0 என்று தொடங்கும் முகவரியிலும் இருக்கும். உள் ரவுட்டருக்குப் பின்னால் இருப்பவர் வெளி ரவுட்டரில் உள்ள கணினியை முகவரி எண்ணைக் கொடுத்து எட்ட முடியும், பெயரைக் கொடுத்துப் பெரும்பாலும் முடியாது. எதிர்த்திசையில் இரண்டாலும் முடியாது. உங்கள் வீட்டில் இப்படி இருந்தால், வாங்கிய ரவுட்டரை, வைஃபையை மட்டும் பரப்பும் ஆக்சஸ் பாயின்ட் நிலைக்கு மாற்றிவிடுங்கள். எல்லாம் ஒரே நெட்வொர்க்காகிவிடும். இரண்டு ரவுட்டர் இல்லாவிட்டாலும், பெயருக்குப் பதில் எண்ணைப் பயன்படுத்துவது நல்ல பழக்கம். கோப்பு உலாவியின் முகவரிப் பட்டையில் \\192.168.1.20\கெலுவார்கா என்று எழுதித் திறந்து பாருங்கள். எண்ணில் திறந்து பெயரில் திறக்கவில்லை என்றால், பகிர்வு நலமாக இருக்கிறது, பெயர் தேடல் மட்டும் பழுது. ரவுட்டரில் அந்தக் கணினிக்கு அந்த எண்ணையே நிரந்தரமாக ஒதுக்கி வைத்துவிட்டால் பெயரைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

இனி உங்கள் அசல் கேள்விக்கு வருகிறேன்: ரவுட்டரில் ஒரு ஃபயர்வால் இருக்கிறதே? இருக்கிறது. கொண்டோவின் நுழைவாயிலில் காவலர் இருப்பதைப் போல அது வெளியாட்களை நிறுத்துகிறது. அதற்காக நம் வீட்டுக் கதவை யாரும் திறந்து போட்டுவிட்டுத் தூங்குவதில்லை. ஐபிவி4 என்ற பழைய முகவரி முறையில் வெளியிலிருந்து கேட்காமல் வரும் இணைப்புக்கு உள்ளே எந்தக் கணினிக்குப் போவது என்று தெரியாததாலேயே அது ரவுட்டரில் நின்றுவிடும். ஐபிவி6 என்ற புதிய முறை இயங்கும் இணைப்பில் ஒவ்வொரு கணினிக்கும் உலகறிந்த முகவரி ஒன்று கிடைத்துவிடுவதால், ரவுட்டரின் வடிகட்டி சரியாக அமைக்கப்பட்டிருக்கிறதா என்பதை மட்டுமே நம்பி இருக்க வேண்டியிருக்கும். அதைவிடப் பெரிய சிக்கல், ரவுட்டருக்கு உள்ளே நடப்பதை அது தடுப்பதில்லை. உங்கள் வைஃபையில் விருந்தினர்களின் கைப்பேசிகள், விலை மலிவான கேமராக்கள், எங்கோ வாங்கிய ஆண்ட்ராய்டு பெட்டிகள் என்று எவ்வளவோ சேர்ந்திருக்கும். 2017 மே மாதம் உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை பரவியது இதே 445 வழியாகத்தான். ஒரு நெட்வொர்க்குக்குள் ஒரு கணினி மாட்டினால், பக்கத்துக் கணினிகளை அது தானே தேடிப் போனது. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. மாட்டியவை அதைப் போடாத கணினிகள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்ட நிலையில், அப்பாவின் கணினிக்கு ஃபயர்வால் முன்னைவிட அதிகமாகத் தேவை. உங்கள் மடிக்கணினியில் எல்லா வகை நெட்வொர்க்குகளுக்கும் சேர்த்து அணைத்திருந்தால், அது பிரிக்ஃபீல்ட்ஸ் கடையின் வைஃபையிலும் அணைந்தே இருக்கும். அங்கே உங்களுக்குக் காவலரும் இல்லை.

தேடும்போது கண்ணில் படும் இரண்டு ஆலோசனைகளை மட்டும் தயவுசெய்து பின்பற்ற வேண்டாம். ஒன்று, எஸ்எம்பி 1 என்ற பழைய பகிர்வு முறையை விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் இயக்கச் சொல்வது. வான்னாக்ரை நுழைந்த ஓட்டை இருந்தது அந்த முறையில். 2017-இன் பிற்பகுதியிலிருந்து புதிதாக நிறுவப்படும் விண்டோஸ் 10-இல் அது இயல்பாக வருவதில்லை. உங்கள் இரண்டு கணினிகளுக்கும் அது அறவே தேவையில்லை. மற்றொன்று, அலுவலகத்திலிருந்தும் திறக்கலாம் என்று சொல்லி ரவுட்டரில் 445-ஐ வெளியுலகுக்குத் திறந்துவிடச் சொல்வது. வெளியிலிருந்து கோப்புகள் வேண்டுமென்றால் ரவுட்டரில் விபிஎன், அதாவது வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் வருவதற்கான பாதுகாப்பான தனி வழி, அமைத்துக்கொள்ளலாம். அப்போது ஒரு சிறு நுணுக்கம் உண்டு: பிரைவேட் வகையின் பகிர்வு விதிகள் அதே நெட்வொர்க்கின் முகவரிகளிலிருந்து வருவதை மட்டுமே ஏற்கும் என்பதால், விபிஎன்னின் முகவரி வரிசையை அந்த விதி எந்த முகவரிகளுக்குச் செல்லும் என்று குறிக்கும் ஸ்கோப் பகுதியில் சேர்க்க வேண்டியிருக்கும்.

நெட்வொர்க் வகையை மாற்றிய உடனேயே உங்களுக்குத் திறந்துவிடும் என்றுதான் எதிர்பார்க்கிறேன். திறக்கவில்லை என்றால் இதே இடத்தில் நான்கு தகவல்களோடு எழுதுங்கள்: அப்பாவின் கணினியில் கேபிள் இணைப்பின் பெயரும் அதன் வகையும், இரண்டு கணினிகளின் உள் முகவரிகள், 445 சோதனையின் விடை, விண்டோஸ் செக்யூரிட்டியில் ஃபயர்வால் பொறுப்பில் இருப்பதாகக் காட்டும் மென்பொருளின் பெயர். பதிவேட்டில் டிராப் வரி ஏதும் கிடைத்தால் அதையும் ஒட்டுங்கள். 192.168 என்று தொடங்கும் முகவரிகளைப் பொதுவில் எழுதுவதில் ஆபத்தில்லை, அவை எல்லார் வீட்டிலும் இருப்பவை. வேறு எண்ணில் தொடங்கும் முகவரிகளையும் கோப்புறையின் கடவுச்சொல்லையும் மட்டும் எழுதாதீர்கள்.